புகையான் ஏறும் வயலில் உணவுச் சங்கிலி எங்கே அறுந்தது: அறிகுறி வழியாகக் கண்டறியும் முறை

காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் தண்டு உருளத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மருந்துக்கடை வாசலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன அடிக்கலாம்? அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பூச்சியை இதுவரை தின்றுகொண்டிருந்தவை எங்கே போயின? நெற்பயிர், அதன் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி, அதைப் பிடித்துத் தின்னும் சிலந்தி, சிலந்தியை விழுங்கும் தவளை, தவளையைத் தேடி வரும் பாம்பு என்று வயலுக்குள் ஓடும் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால், அதன் விளைவு இன்னொரு கண்ணியில் பூச்சித் தாக்குதலாக வெளிப்படுகிறது. வெளியே தெரியும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிச் சென்று, தளர்ந்த கண்ணியைக் கண்டுபிடிப்பதற்காகவே இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. இதில் பெரும்பகுதி பழுப்புத் தத்துப்பூச்சியான புகையானைப் பற்றியதாக இருக்கும்; இரைக்கும் இரைவிழுங்கிக்கும் இடையே நடக்கும் கணக்கு அந்தப் பூச்சியில் தெரிவதுபோல நெல்லின் வேறு எந்தப் பூச்சியிலும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

எந்த அறிகுறியானாலும், முதலில் எண்ணிப் பாருங்கள்

வரப்பில் நின்று பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. புகையான் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடிப்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்குப் பயிர் பசுமையாகவே தோன்றும். காலையில் வயலுக்குள் இறங்கி, குறுக்கே மூலைக்கு மூலை நடந்து, ஆங்காங்கே பத்துக் குத்துகளை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுகளின் கொத்து) தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு கையால் குத்தைச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் அடியில் இரண்டு மூன்று முறை தட்டினால், பழுப்பு நிறக் குஞ்சுகள் தண்ணீரில் உதிரும். அவற்றை எண்ணியவுடன் கண்ணை எடுத்துவிடாமல் அரை நிமிடம் அங்கேயே பார்த்திருங்கள். எள்ளளவுகூட இல்லாத கருநிற நீர்ப்பூச்சிகள் நீரின் மேல் வழுக்கியபடி நாலா பக்கமிருந்தும் ஓடிவந்து, தத்தளிக்கும் குஞ்சு மறுபடி தூரைத் தொடுவதற்குள் அதை மொய்த்துக்கொள்ளும். அவை வருகின்றனவா, எவ்வளவு நேரத்தில் வருகின்றன என்பது, சங்கிலி உயிரோடு இருக்கிறதா என்பதற்கான முதல் சோதனை.

பிறகு ஒவ்வொரு குத்திலும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தூர்கள் (குத்திலிருந்து கிளைத்த தண்டுகள்) எத்தனை, தத்துப்பூச்சிகள் எத்தனை, சிலந்திகள் எத்தனை. சிலந்திகளில் முக்கியமானது வலை கட்டாமல் ஓடிப் பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி. முதுகில் கவட்டை போன்ற ஒரு குறியும், பெண் சிலந்தியாயின் பின்புறத்தில் ஒட்டிய வெள்ளை முட்டைப் பையும் அதைக் காட்டிக்கொடுக்கும். குஞ்சு பொரித்த தாய் தன் குஞ்சுகளை முதுகின்மேல் சுமந்துகொண்டு ஓடுவதையும் காணலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு தத்துப்பூச்சி என்பது பொருளாதாரச் சேதநிலை, அதாவது மருந்தடிப்பது கட்டுபடியாகத் தொடங்கும் எண்ணிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் அதுவே தூருக்கு இரண்டாக உயர்கிறது. அதாவது இருபது தூர் உள்ள குத்தில் முப்பது பூச்சிகள் இருந்தால், ஒரு வயலில் மருந்தடிக்க வேண்டியிருக்கும். பக்கத்து வயலில் அடிக்கக் கூடாது. ஓர் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகளைப் பிடிக்கும் என்பதால், கூடுதலாக அனுமதிக்கப்பட்ட அந்த இருபது பூச்சிகளை அது மெதுவாகத் தின்றாலும் நான்கு நாளில் முடித்துவிடும். பூச்சிமருந்துக்கான பரிந்துரை ஒன்றின் கணக்கிலேயே சிலந்திக்கும் ஒரு பங்கு எழுதி வைத்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அறிகுறி 1: மருந்தடித்த இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி முன்பைவிடக் கூடுதலாக வந்துவிட்டது

மருந்து போலி என்றுதான் முதலில் சந்தேகம் எழும். எங்கள் வயலிலும் ஒரு சம்பாப் பருவத்தில் அப்படித்தான் நினைத்தோம். இலைச்சுருட்டுப்புழுவுக்கென்று கடையில் கொடுத்த பைரித்ராய்டு மருந்தை அடித்தோம். புழு அன்றைக்கே உதிர்ந்தது. மூன்றாம் வாரத்தில் வயலின் நடுவே வட்டமாக ஒரு பாயளவு இடம் பழுத்துப் புகைபிடித்தாற்போல் காய்ந்து நின்றது. மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. எதை எதைக் கொல்லக் கூடுமோ அனைத்தையும் கொன்றிருந்தது. கொல்ல முடியாத ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அந்த ஒன்று புகையானின் முட்டை. பெண் பூச்சி இலையுறையைக் கீறி, அதன் திசுவுக்குள் வரிசையாக முட்டைகளைச் செருகி வைக்கும். தெளிக்கும் மருந்து அங்கே எளிதில் எட்டுவதில்லை. ஏழு முதல் ஒன்பது நாளில் அவை பொரியும்போது, வெளியே சிலந்தியும் இல்லை, நீர்ப்பூச்சியும் இல்லை, தன் ஊசி வாயை இலையுறைக்குள் நுழைத்து முட்டையின் சாற்றை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் இல்லை. முட்டையிலிருந்து முட்டை வரை புகையானுக்கு ஏறக்குறைய ஒரு மாதமே தேவை. ஒரு பெண் சில நூறு முட்டைகள் இடும். ஓநாய்ச் சிலந்தி வளர்ந்து இனம் பெருக்கப் பல மாதங்கள் ஆகும். இருவரையும் ஒரே நாளில் அழித்துவிட்டுப் பந்தயத்தை மறுபடி தொடங்கினால், யார் முந்துவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு நூறாண்டுப் பழமையுள்ள ஒரு கணக்கும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. அப்போதைய ஃபியூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை போன்ற கொன்றுண்ணும் மீன்களின் பங்கு 1914இல் சுமார் 12 விழுக்காடாக இருந்தது, 1918இல் சுமார் 36 விழுக்காடாக ஏறியிருந்தது. மனிதன் பிடிப்பதைக் குறைத்தால் எல்லா மீனும் ஒன்றுபோலப் பெருகியிருக்க வேண்டும். கொன்றுண்ணிகளின் பங்கு மட்டும் ஏன் ஏறியது என்று உம்பெர்த்தோ டான்கோனா என்ற உயிரியலாளர் பின்னாளில் தம் மாமனாரான கணிதவியலாளர் வீட்டோ வோல்ட்டெராவிடம் கேட்டார். வோல்ட்டெரா 1926இல் வெளியிட்ட சமன்பாடுகள் அதற்கு விடை சொல்லின. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஆல்ஃபிரட் லாட்கா தனியே அதே சமன்பாடுகளை எட்டியிருந்தார். இரையையும் இரைவிழுங்கியையும் ஒரே விகிதத்தில் கொன்றுகொண்டிருந்தால், சராசரியில் இரை கூடும், இரைவிழுங்கி குறையும். கொல்வதை நிறுத்தினால் கணக்கு திரும்பும். வலையின் இடத்தில் தெளிப்பானை வைத்துப் பாருங்கள். எங்கள் வயலின் நடுவில் காய்ந்து நின்ற வட்டம் அந்தச் சமன்பாட்டின் விடைதான். உண்மையில் எங்கள் நிலைமை அதைவிட மோசம், ஏனென்றால் தெளிப்பான் இருவரையும் ஒரே விகிதத்தில்கூடக் கொல்வதில்லை. முட்டைக்குள் இருப்பவை தப்பிவிடுகின்றன.

ஒரு நாடே இந்தத் தவற்றைச் செய்து, பிறகு திருத்திக்கொண்ட வரலாறும் இருக்கிறது. இந்தோனேசியாவில் 1970களிலும் 80களின் நடுவிலும் புகையான் பெருந்தாக்குதலாக எழுந்தது. அரசு மானிய விலையில் மருந்தை வழங்க வழங்க, பூச்சி ஏறியது. பீட்டர் கென்மோர் முதலிய ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸ் வயல்களில் நடத்திய ஆய்வுகள், மருந்து இரைவிழுங்கிகளை அழிப்பதால்தான் புகையான் மீண்டெழுகிறது என்று காட்டியிருந்தன. 1986 நவம்பரில் அந்நாட்டு அதிபர் ஆணையொன்றின் மூலம் 57 பூச்சிமருந்துகள் நெல்லுக்குத் தடை செய்யப்பட்டன; சில ஆண்டுகளில் மருந்து மானியமும் விலக்கப்பட்டது. அதனால் நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. இரண்டாவது முறையும் அதே வகை மருந்தை அளவு கூட்டி அடிக்காதீர்கள். மீண்டெழுதலைத் தூண்டுபவை என்று பட்டியலிடப்பட்டுள்ள சைப்பர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளும் குயினால்பாஸும் புகையான் வரக்கூடிய வயலுக்குள் வேறெந்தப் பூச்சிக்காகவும் நுழையக் கூடாது. தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள். எண்ணிக்கை சேதநிலையைத் தாண்டியிருந்தால், குஞ்சுகள் தோலுரிப்பதைத் தடுக்கும் புப்ரோபெசின் அல்லது சாறு உறிஞ்சுவதை நிறுத்தும் பைமெட்ரோசின் போன்ற, சிலந்திகளுக்குத் தீங்கு குறைந்த மருந்தைச் சிட்டையில் உள்ள அளவிலேயே, தெளிப்பான் முனையைத் தூரின் அடிக்குத் தாழ்த்திப் பிடித்து அடியுங்கள். பயிரின் தலைக்கு மேலே அடிக்கும் மருந்து, மேலே வலை கட்டியிருக்கும் நெடுந்தாடைச் சிலந்திக்குத்தான் போய்ச் சேரும்.

அறிகுறி 2: சிலந்தி நிறையவே இருக்கிறது, ஆனாலும் பூச்சி ஏறிக்கொண்டு போகிறது

இது பிழையா, இயல்பான தாமதமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். இரை பெருகிய பிறகுதான் இரைவிழுங்கி பெருகும். இரண்டின் ஏற்ற இறக்கத்தையும் ஒரே தாளில் வரைந்தால், சிலந்தியின் கோடு எப்போதும் சில அடி பின்னால்தான் நடக்கும். ஆகவே ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான்கைந்து நாள் இடைவெளியில் அதே பத்துக் குத்துகளை மறுபடி எண்ணுங்கள். குத்துகளில் அடையாளத்துக்கு ஒரு வண்ண நூலைக் கட்டி வைத்தால் தேடி அலைய வேண்டியதில்லை. பூச்சி ஏறியிருந்தாலும் சிலந்தியும் மிரிட் பூச்சியும் அதைவிட வேகமாக ஏறியிருந்தால், சேதநிலைக்குக் கீழே இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதே சரி. இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். பக்கத்து வயலில் தெளிப்பான் சத்தம் கேட்கும்போது இன்னும் கடினம்.

இரண்டாவது எண்ணிக்கையில் பூச்சி மட்டும் ஏறி, சிலந்தி நின்ற இடத்திலேயே இருந்தால், இரையின் பிறப்பு விகிதத்தை நாமே கூட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி யூரியா. தழைச்சத்து மிகுந்த பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் கூடுதலாக முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் பிழைப்பதும் கூடுகிறது. பூச்சிகளில் சிறகு குட்டையான, பருத்த பெண்கள் மிகுதியாகத் தென்படுகின்றனவா என்று பாருங்கள். அவை பறந்து போக மாட்டா; அந்த வயலிலேயே தங்கி இனம் பெருக்கப் பிறந்தவை. அவை தென்பட்டால் மேலுரத்தை உடனே நிறுத்துங்கள். அடுத்த முறை, இலையின் பசுமையைக் கொண்டு தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவைக்கு மட்டும் பிரித்து இடுங்கள். நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் தூரின் அடியில் காற்றும் வெளிச்சமும் புகுந்திருக்கும். விடாதவர்கள் இப்போது பயிரை இருபுறமும் விலக்கிச் சாய்த்து வழி உண்டாக்கலாம்.

அறிகுறி 3: நட்ட முதல் மாதத்திலேயே இலை சுருண்டு வெளுக்கிறது

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இளம்பயிர் இலைச்சுருட்டுப்புழு தின்ற இலைக்கு ஈடாகப் புது இலைகளை விட்டுவிடும். தூர் கட்டும் பருவத்தில் பத்து விழுக்காட்டு இலைகள் பாதிக்கப்படும்வரை சேதநிலையாகாது. கதிருக்கு அடுத்துக் கீழுள்ள கடைசி இலையான கண்ணாடி இலை வந்த பிறகு அதே அளவுகோல் ஐந்து விழுக்காடாகச் சுருங்கும். இந்தப் பருவத்தில் அவசரப்பட்டு அடிக்கும் முதல் மருந்துதான், ஒன்றரை மாதம் கழித்து முதல் அறிகுறியாகத் திரும்பி வருகிறது.

அறிகுறி 4: தட்டிப் பார்த்தாலும் சிலந்தியோ நீர்ப்பூச்சியோ கண்ணில் படவில்லை

மருந்தே அடிக்காத வயலிலும் இப்படி நேரும். அப்போது சங்கிலியின் மேல்முனையை விட்டுவிட்டு, அடிமுனையைப் பார்க்க வேண்டும்.

தத்துப்பூச்சி வயலுக்கு வருமுன் சிலந்தி எதைத் தின்று பிழைக்கிறது? 1990களில் ஜாவா வயல்களை ஆராய்ந்த வில்லியம் செட்டிலும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை கண்டார்கள். சேற்றில் மக்கும் கரிமப் பொருளையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்னும் கொசுவைப் போன்ற கடிக்காத ஈக்கள், தத்துவாலிகள் என்னும் குதிக்கும் சிற்றுயிர்கள் போன்றவை பருவத்தின் தொடக்கத்திலேயே பெருகுகின்றன. நெல்லுக்கு நன்மையோ தீமையோ செய்யாத இந்தக் கூட்டம்தான் இரைவிழுங்கிகளுக்கு முதல் மாதச் சோறு. கரிமப் பொருள் இட்ட வயல்களில் அவை கூடின. அவற்றைத் தொடர்ந்து இரைவிழுங்கிகளும் கூடின. தொழுவுரமோ தக்கைப்பூண்டோ காணாமல், வைக்கோலையும் கொளுத்திவிட்டு, உப்பு உரத்தை மட்டும் நம்பிய வயலில் சிலந்திக்கு வந்தவுடன் விருந்து இல்லை. அது தங்காது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பெரிய பரப்பு முழுவதும் நீண்ட காலம் தரிசாகக் காய்ந்து கிடந்து, பிறகு ஒரே சமயத்தில் நடப்படும் இடங்களில் இரைவிழுங்கிகள் தாமதமாகவே வந்து சேர்கின்றன. ஒருபோக நிலத்தில் கோடை முழுவதும் வெடித்துக் கிடக்கும் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய இடங்களில் வரப்புதான் அவற்றின் பாதுகாப்பிடம். வரப்பில் உளுந்து அல்லது தட்டைப்பயறு போடுங்கள். களைக்கொல்லி கொண்டு வரப்பை மொட்டையடிக்கும் வழக்கத்தை விடுங்கள்.

தவளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவளைக் கால் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நின்ற இந்தியா, 1987இல் அதைத் தடை செய்தது. தடை வந்தது நல்லதுதான். ஆனால் தலைப்பிரட்டை வளர நீர் தேங்கும் பள்ளமும் குட்டையும் வேண்டும். குட்டையைத் தூர்த்துவிட்டுத் தவளையை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

அறிகுறி 5: முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டியும் குருத்து காய்கிறது

இந்த அட்டையில் இருப்பவை பூச்சியின் முட்டைக்குள் தம் முட்டையை இடும் நுண்குளவிகள்: தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். முதலில் வாங்கியது எது என்று அட்டையைப் பாருங்கள், மாறிப்போவது அரிதன்று. அடுத்து நாளைப் பாருங்கள். இந்த ஒட்டுண்ணி முட்டையை மட்டுமே தாக்கும். புழு பொரித்துத் தண்டைத் துளைத்து உள்ளே போன பிறகு கட்டும் அட்டையால் அந்தப் புழுவுக்கு ஒரு தீங்கும் நேராது. நட்ட 30ஆம் நாளும் 37ஆம் நாளும் என்று பரிந்துரை சொல்வதற்கு, அந்துப்பூச்சி முட்டையிடத் தொடங்கும் காலம் அது என்பதே காரணம். விளக்குப் பொறியில் அந்து விழத் தொடங்கியதும் கட்டுவது இன்னும் துல்லியம்.

அட்டை கட்டிய மறுநாள் வயலில் எறும்பு அதைத் தின்றுவிட்டதா, ஒட்டுண்ணிகள் வரும் வழியிலேயே பொரித்துப் பறந்துவிட்டனவா, முன்பின் ஒரு வாரத்துக்குள் மருந்து அடித்தீர்களா என்பவற்றையும் சரிபாருங்கள். மழை நேரத்திலும் உச்சி வெயிலிலும் கட்டாமல், வெயில் தாழ்ந்த மாலையில் இலையின் அடிப்புறத்தில் கட்டுங்கள்.

இந்த ஒட்டுண்ணி ஒவ்வொரு முறையும் வாங்கி விட வேண்டிய வகை என்பதையும் மறக்க வேண்டாம். விட்டது விட்டபடி நிலைத்துப் பெருகும் வகைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் பப்பாளி மாவுப்பூச்சியைச் சொல்லலாம். 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த அயல்நாட்டுப் பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. அதன் தாயகப் பக்கத்தில் அதைக் கட்டுப்படுத்திய ஒட்டுண்ணி இங்கே இல்லை என்பதுதான் அதன் பெருக்கத்துக்குக் காரணம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகு பூச்சி அடங்கியது. குளவி இன்றும் இங்கேயே இருக்கிறது. மாவுப்பூச்சியும் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் இருந்தால்தான் குளவி இருக்கும்.

அறிகுறி 6: நஞ்சு வைத்தும் கதிர் வெட்டும் எலி குறையவில்லை

எலியின் சினைக்காலம் மூன்று வாரமே. கதிர் பிடிக்கும் பருவத்தில் தீனி மிகுவதால் வரப்பு வளைகளில் குட்டிகளும் மிகும். அந்த நேரத்தில் ஆந்தையையும் சாரைப்பாம்பையும் நம்பித் தொடங்குவது காலம் தாழ்த்திய செயல். ஒரு கூகை இரவுக்கு ஓரிரு எலிகளைப் பிடிக்கும், குஞ்சு வளர்க்கும்போது இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். ஆனாலும் பெருக்கம் உச்சத்தை எட்டிய பிறகு அதனால் ஈடுகொடுக்க முடியாது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இரைவிழுங்கி அதை அப்படியே அழுத்தி வைத்திருக்கும். ஆகவே கோடையிலேயே வளைகளை வெட்டிப் பிடியுங்கள். வரப்பை அகலமும் உயரமும் குறைத்துக் கட்டுங்கள். நடவு முடிந்தவுடன் தஞ்சாவூர்க் கிட்டி எனப்படும் எலிப்பொறிகளையும் ஆந்தை அமர்வதற்கான குச்சிகளையும் நட்டுவிடுங்கள். ஏக்கருக்குப் பதினைந்து, இருபது குச்சிகள் போதும். பால் பிடித்த பிறகு அவற்றைப் பிடுங்கிவிடுவது நல்லது, இல்லையென்றால் பகலில் கதிர் கொத்தும் பறவைகளுக்கு அவையே இருக்கையாகும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கும் பாம்புக்கும் எளிதில் அகப்படுவது அத்தகைய எலிதான். நஞ்சு வைத்தே தீர வேண்டுமென்றால், செத்ததைத் தினமும் பொறுக்கிப் புதையுங்கள்.

அறிகுறி 7: பூச்சி அடங்கியதும் சிலந்தியும் காணாமல் போய்விட்டது

இது பிழை இல்லை. இரை குறைந்தால் இரைவிழுங்கி குறையும். அறுவடை நெருங்கும்போது எஞ்சியவை வரப்போரம் ஒதுங்கும். அறுவடை இயந்திரம் இறங்குமுன் வரப்பில் ஆங்காங்கே வைக்கோல் பிரிகளை நிறுத்தி வையுங்கள். அடுத்த நடவு வரை அவற்றைக் கலைக்க வேண்டாம்.